பாட்டுக்காரர் டீ-சர்ட் விற்கலாமா?

கேள்வி: சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி இணையத்தில் வெளியிடுகிறேன். அடுத்த பாட்டின் ரெக்கார்டிங் செலவுக்கு, என் சின்னம் போட்ட டீ-சர்ட் விற்க எண்ணம். திருப்பூரில் 100 எடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். எடுக்கட்டுமா?
- கோத்தகிரி வாசகர்

பதில்: 100 வேண்டாம், 30 எடுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். அந்தச் செலவு 30 சட்டைக்கும் அதேதான், 300 சட்டைக்கும் அதேதான். எண்ணிக்கை கூடினால் விலை இறங்குவது அதனால்தான். ஒரே நிறச் சின்னம் என்றால் 30-க்கே ஸ்கிரீன் கட்டுப்படியாகும். நாலைந்து நிறம் இருந்தால் டிடிஎஃப் கேளுங்கள். பிலிமில் அச்சடித்து, சூடான பிரஸ்ஸில் துணியின் மேல் ஒட்டுவார்கள்.

அச்சோடு சேர்த்து ஒரு சட்டை 260 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-க்கு 7,800. அதை 450-க்கு விற்றால் 18-வது சட்டையில்தான் போட்ட முதல் திரும்பும். ரெக்கார்டிங்குக்கு மிஞ்சுவது கடைசி 12 சட்டையின் காசு. அந்த 12-ம் யாருக்கும் பொருந்தாத சைஸாக நின்றுவிட்டால் லாபம் அலமாரியில் கிடக்கும். எஸ் 4, எம் 9, எல் 10, எக்ஸ்எல் 7 என்று பிரித்து எடுங்கள். மலையில் ஹூடி போகுமே என்று தோன்றும். போகும்தான், ஆனால் ஒரு ஹூடியில் முடங்கும் பணத்தில் இரண்டு டீ-சர்ட் வந்துவிடும். அதை முன்பணம் வாங்கிக்கொண்டு மட்டும் அடியுங்கள்.

துணி 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) கோம்ப்டு காட்டன், அதாவது சீவிய பருத்தி நூல்; பயோ வாஷ், அதாவது நொதியில் அலசிப் பிசிர் நீக்கியது. மொத்தமாக அடிக்கும் முன், அதே துணியில் அதே மையில் ஒரு சாம்பிள் கட்டாயம். ஐந்து தடவை துவைத்துவிட்டு, அச்சின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மை வேகவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போடும் பிளாஸ்டிசால் மை அடிவரை சுமார் 160 டிகிரி சூடு ஏறினால்தான் இறுகும். டிடிஎஃப்பில் ஓரம் தூக்கினால் அழுத்தம் போதவில்லை, அல்லது துணியில் ஈரம் இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஒட்டும் முன் வெறும் துணியை ஐந்து வினாடி பிரஸ்ஸில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பார்சல் வந்ததும் பிரித்துக் காற்றாட விடுங்கள். ஈரத்தோடு கவரில் கிடந்தால் மழை முடிவதற்குள் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும். விற்கும்போது காகிதக் கவர்தான். பிளாஸ்டிக் பைக்கு நீலகிரியில் தடை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: எங்கள் பேண்டுக்கு 60 டீ-சர்ட் அடித்து வாங்கினோம். சாம்பிள் நன்றாக இருந்தது. வந்த சரக்கில் இரண்டே துவைப்பில் அச்சு வெடிக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
- குன்னூர் வாசகர்

பதில்: நீங்களே உடுத்த வாங்கியிருந்தால் போடலாம். மறுவிற்பனைக்கு வாங்கியவர் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். உங்களுக்குக் கைகொடுப்பது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. ஆனால் சரக்கை நிராகரிப்பதாகச் சொல்லாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் இன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுத்தில் சொல்லுங்கள்: எத்தனை சட்டை, என்ன குறை, படம், பணத்தைத் திருப்பித் தருவதா, மறுபடி அடித்துத் தருவதா. சாம்பிளைத் துவைத்து உடுத்திவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அடுத்த முறை இரண்டு சாம்பிள் வாங்கி, ஒன்றில் அச்சகத்தாரின் கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்டென்சர் மைக் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. மழை நாளில் பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.
- கொடைக்கானல் வாசகர்

பதில்: மைக்கில் ஒலியைப் பிடிக்கும் பாகமான கேப்சூலில் ஈரம் படிந்தால் மின்சாரம் கசிந்து இப்படித்தான் பொரியும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கெட்டுவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஒரு நாள் வைத்து எடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு மூட்டிய அறைக்குக் கொண்டுவந்த உடனே மைக்குக்கான 48 வோல்ட் மின்சாரத்தைப் போடாமல் அரை மணி பொறுங்கள். சத்தம் நின்றால் மைக்கில் பழுதில்லை. டப்பாவையே அதற்கு நிரந்தர வீடாக்கிவிடுங்கள். வெயில் நாளிலும் பொரிந்தால் அது வாரண்டி விஷயம். மேலே சொன்ன டீ-சர்ட் போல அல்ல இது: சுயதொழிலில் பிழைப்புக்காக நீங்களே பயன்படுத்தும் கருவி என்பதால் நீங்கள் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட ஆணையம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: என் டீ-சர்ட்டைச் சுல்தான் பத்தேரியில் இருக்கும் ரசிகர்களுக்குக் கூரியரில் அனுப்பலாமா? விற்பனை ஆண்டுக்கு ஒரு லட்சம்கூட வராது.
- கூடலூர் வாசகர்

பதில்: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்றால் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பத்தேரி பக்கத்து ஊர்தான் என்றாலும் கேரளம். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். சில சட்டைக்காகத் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருப்பது தலைவலி. இப்போதைக்கு கோவை, ஊட்டி ஆர்டர்களை மட்டும் எடுங்கள்.