புதுச் சட்டிக்கு ஒரே ஒரு வரியா?

கேள்வி: சீனாவின் குவாங்சோ நகரில் வேலை பார்க்கும் என் மகன், அவ்வூர்ப் பெண்ணையே மணந்துகொண்டான். நான் மூன்று மாதம் தங்க வந்திருக்கிறேன். மருமகளின் தாயார் தினமும் காலையில் தெருச்சந்தைக்கு என்னையும் அழைக்கிறார். ஒருமுறை போய், தொட்டியில் துள்ளும் மீனையும் கொக்கியில் தொங்கும் வாத்தையும் பார்த்துப் பாதியிலேயே திரும்பிவிட்டேன். நான் பிறவிச் சைவம். மறுநாள் அவர் எனக்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்கிவந்தார், அதில்தான் சமைத்துக்கொள்கிறேன். அவர் அழைப்பை எப்படித் தட்டிக்கழிப்பது? பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு முன்னதாகவே திரும்பிவிடட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மீனுக்கும் வாத்துக்கும் இவ்வளவு இடம் கொடுத்த நீங்கள், புதுச் சட்டியை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் மொழி தெரியாத ஒரு பெண்மணி, நீங்கள் முகம் சுளித்துத் திரும்பியதைக் கண்டும் கோபித்துக்கொள்ளாமல், காரணத்தைத் தெரிந்துகொண்டு, அசைவம் படாத பாத்திரத்தை மறுநாளே கொண்டுவந்து வைத்திருக்கிறார். நம் ஊர்ச் சம்பந்தி இப்படிச் செய்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்திருப்பீர்கள். இவரிடமிருந்து தப்பிக்க மட்டும் என்னிடம் வழி கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவள் கூப்பிட்டால் கூடப் போவது பிள்ளையைப் பெற்றவளின் கடமை.

சீனர்களிலும் பௌத்த நம்பிக்கை உள்ள பலர் சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் உண்கிறார்கள். உங்கள் விரதம் அந்த அம்மாளுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் உங்கள் மகன். இரண்டு தாய்மாருக்கு நடுவே வாயைத் திறக்காமல் இருக்கும் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை.

பாதியில் திரும்பியதால் சந்தையின் மறுபாதியை நீங்கள் பார்க்கவில்லை. பாகற்காய், பீர்க்கங்காய், நீர்ப்பூசணி, காராமணி, சேப்பங்கிழங்கு என உங்கள் ஊர்க் காய்களே அங்கே குவிந்திருக்கும்; தாமரைக்கிழங்கும், சோயாப் பாலின் ஆடையை எடுத்துக் காயவைத்த குச்சிகளும் உங்கள் சமையலுக்குத் தாராளமாக ஒத்துப்போகும். அதே நகரில் ஷாமியான் தீவுக்கு எதிரே, 1979இல் தொடங்கிய சிங்பிங் சந்தைக்கும் ஒருநாள் அழைத்துப் போகச் சொல்லுங்கள். உலர்ந்த ஆரஞ்சுத்தோல், சீன இலந்தை, காளான், மூலிகை வேர்கள் என நாட்டுமருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும். காய்ந்த கடற்குதிரையும் உண்டு, அதைக் கண்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

நாளைக் காலை அவர் அழைக்கும் முன்பே நீங்கள் பையோடு வாசலில் நில்லுங்கள். அவர் மீன் வாங்கப் போகும் நேரத்தில் காய்க்கடையருகே காத்திருக்கலாம், அவர் தவறாக எண்ண மாட்டார். அன்றைய காய்க்கு நீங்களே பணம் கொடுங்கள். கைப்பேசிவழிப் பணமே அங்கே வழக்கம் என்பதால் மகனிடம் சொல்லி இன்றே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், விலைப்பலகையில் இருப்பது பெரும்பாலும் 500 கிராமுக்கான விலை என்பதையும் மறவாதீர்கள். நம் கறிவேப்பிலையைப் போல, அங்கே கொசுறாக வெங்காயத்தாள் தருவார்கள். நீங்கள் வெங்காயம் சேர்க்காதவராக இருந்தால் அது சம்பந்தியின் பைக்குப் போகட்டும்.

அந்தச் சட்டியில் இதுவரை உங்களுக்கு மட்டுமே சமைத்திருக்கிறீர்கள். நாளை காரத்தைப் பாதியாகக் குறைத்து, பாகற்காய்ப் பிட்லையை அவருக்கும் சேர்த்துச் செய்து, நீங்களே பரிமாறுங்கள். பயணச்சீட்டு இருந்த தேதியிலேயே இருக்கட்டும்.