பழைய ஆங்கில ஹாரர் படங்களின் புகழ்பெற்ற நடிகர்களில் உங்களை அசத்தியவர் யார்? ஏன்?

போரிஸ் கார்லாஃப். பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் பேலா லுகோசி இல்லை, ஏன் கிறிஸ்டோபர் லீ இல்லை என்று அடுத்த கேள்வி நிச்சயம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1931-இல் வந்த ஃப்ராங்கென்ஸ்டைன் படத்தை நான் முதன்முதலில் முழுதாகப் பார்த்தது லேப்டாப்பில், வீட்டு ஹாலில். பக்கத்தில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, முதல் அரை மணி நேரம் திரைப் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை. அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பிணங்களிலிருந்து தைத்து உண்டாக்கிய உருவத்தை டாக்டர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். கூரையில் இருக்கும் திறப்பை மெல்லத் திறக்கிறார். இருட்டிலேயே அடைந்து கிடந்த அந்த ஜீவன் முதல் முறையாக வெளிச்சத்தைப் பார்க்கிறது, தட்டுத்தடுமாறி எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. டாக்டர் திறப்பை மூடிவிடுகிறார். மேலே போன கைகள் இறங்கி அவரை நோக்கி நீள்கின்றன, இன்னும் கொஞ்சம் காட்டேன் என்று கேட்கிற மாதிரி. வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. அம்மா கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "ஏன்டா, அது கைக்குழந்தை மாதிரில்ல இருக்கு? அதைப் போய் எதுக்கு இருட்டுல அடைச்சு வெச்சிருக்கான்?"

சப்டைட்டிலே தேவைப்படவில்லை. பூதமாக நடித்த கார்லாஃபின் அந்தக் கைகள் சொன்னது போதும்.

அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். மேக்கப் போட்டவர் ஜாக் பியர்ஸ். தினமும் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். பஞ்சையும் கொலோடியன் என்ற பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி அந்தத் தட்டையான மண்டையை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டினார்கள். கண் ரொம்ப விழிப்பாகத் தெரிகிறது, இப்போதுதான் உயிர் வந்த ஒன்று இப்படிப் பார்க்காது என்று கார்லாஃப் சொல்ல, இமையின் மேல் மெழுகு வைத்தார்கள், பாதி தூக்கத்தில் இருக்கிற அந்தப் பார்வை அதனால் வந்தது. அவருக்கு ஒரு பக்கம் கழற்றி மாட்டுகிற பல்செட் உண்டு. அதைக் கழற்றியதும் அந்தப் பக்கக் கன்னம் குழி விழுந்தது, அதையும் விடாமல் நிழல் போட்டுக் காட்டினார் பியர்ஸ். காலில் சாலைக்குத் தார் போடுகிற தொழிலாளிகளின் கனமான பூட்ஸ். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாத வெயிலில் நடிக்க வேண்டும். ஒரு முறை ஒரே மூச்சில் 25 மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறார்கள். கதாநாயகனைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்றாலை இருக்கும் மேட்டில் திரும்பத் திரும்ப ஏறியதில் முதுகு போய்விட்டது. கடைசிக் காலம் வரை அந்த வலி அவரை விடவில்லை.

இதற்கெல்லாம் என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? படத்தின் தொடக்க டைட்டிலில் அந்த வேஷத்துக்கு நேராகப் பெயரே கிடையாது, கேள்விக்குறிதான் இருக்கும். டிசம்பரில் நடந்த முதல் காட்சிக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை. 1933-இல் நடிகர்கள் சேர்ந்து ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது இந்த மனுஷன் முதல் ஆட்களில் ஒருவராக நின்றார், அவருடைய உறுப்பினர் எண் 9. பூதமாக நடித்த ஆள் தொழிற்சங்கம் கட்டப் போனார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஏரிக்கரைக் காட்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சின்னப் பெண் அவருக்குப் பூக்களைக் கொடுக்கிறாள், இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதப்பதைப் பார்க்கிறார்கள். படம் முழுக்க அவர் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பூ தீர்ந்துபோகிறது. வெறும் கையைப் பார்க்கிறார். அடுத்து அந்தக் குழந்தையைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறார், பூ மாதிரி இவளும் மிதப்பாள் என்ற நினைப்பில். கார்லாஃபுக்கு இதில் உடன்பாடே இல்லை, குழந்தையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று இயக்குநர் ஜேம்ஸ் வேலிடம் வாதாடினார், வேல் கேட்கவில்லை. அப்புறம் சென்சார்காரர்கள் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னாலேயே காட்சியை வெட்டிவிட்டார்கள். இதில் என்ன கூத்து என்றால், அவர் கையை நீட்டுவதோடு படம் தாவி, அடுத்து அப்பா தன் மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு வருவதைக் காட்டினால் பார்ப்பவன் எதை எதையோ கற்பனை செய்வான். வெட்டாததைவிட வெட்டியது படுமோசம். 1980-களில்தான் அந்தத் துண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்தச் சிறுமி நிஜத்தில் அவரைப் பார்த்துப் பயப்படவே இல்லையாம். ஏரிக்குக் கிளம்பும்போது முழு வேஷத்தில் இருந்தவரோடு காரில் ஏற மற்றவர்கள் தயங்க, அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "நான் உங்களோடு வரட்டுமா?" என்று கேட்டாள் என்று சொல்வார்கள்.

ஆள் யார் என்று பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். அசல் பெயர் வில்லியம் ஹென்றி பிராட், 1887-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் இந்தியாவில் உப்பு வரித் துறையில் வேலை பார்த்தவர். சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசவையில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பேர்போன ஆனா லியனோவென்ஸ் இருக்கிறாரே, அகமத்நகரில் பிறந்தவர், அவரும் கார்லாஃபின் அம்மாவைப் பெற்ற பாட்டியும் உடன்பிறந்தவர்கள். அந்த வழியில் இந்திய ரத்தமும் கொஞ்சம் உண்டு. மாநிறத்தை வைத்து மௌனப்பட காலத்தில் ஹாலிவுட் இவருக்கு அரபு, இந்திய வேஷங்களாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்மார் அரசு வேலை, தூதரக வேலை என்று போக, இவர் மட்டும் 1909-இல் கனடாவுக்குக் கப்பலேறி பண்ணை வேலை, ஊர் ஊராக நாடகம், பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் லாரி ஓட்டுவது என்று அலைந்தார். இந்தப் படம் வந்தபோது வயது 44, அதற்கு முன் சின்னச் சின்ன வேஷத்தில் எண்பது படம்போல நடித்து முடித்திருந்தார். 1933-இல் ஒரு படத்துக்காக லண்டன் திரும்பும்போது, குடும்ப மானத்தை வாங்கிவிட்டதாக அண்ணன்கள் நினைப்பார்களோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். போட்டோ எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அந்தப் பெரிய மனிதர்கள் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முண்டியடித்தார்களாம்.

சரி, லுகோசி. ஹங்கேரிக்காரர். நாட்டில் நடிகர் சங்க வேலையில் தீவிரமாக இருந்து, 1919-இல் ஆட்சி கவிழ்ந்ததும் தப்பி ஓடி ஜெர்மனி வழியாக அமெரிக்கா வந்தவர். 1927-இல் பிராட்வே மேடையில் டிராகுலா, 1931-இல் அதே வேஷம் சினிமாவில். இன்று டிராகுலா என்றதும் கோரைப்பல்தான் ஞாபகம் வரும், ஆனால் அந்தப் படத்தில் லுகோசியின் கோரைப்பல் ஒரு இடத்தில்கூடத் தெரியாது. எல்லாம் குரலும் கண்ணும்தான். "நான் குடிப்பதில்லை..." என்று நிறுத்தி, ஒரு இடைவெளி விட்டு "ஒயின்" என்பார் பாருங்கள், அந்த இடைவெளிக்கே காசு கொடுக்கலாம். கொடுத்த காசு என்னவோ வாரம் 500 டாலர், ஏழு வாரத்துக்கு 3,500. ஃப்ராங்கென்ஸ்டைன் பூதமாக நடிக்கவும் முதலில் இவரைத்தான் யோசித்தார்கள், மேக்கப் டெஸ்ட்கூட நடந்தது. வசனமே இல்லாத வேஷம் எனக்கு எதற்கு என்று தான்தான் மறுத்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைக் கேளுங்கள். 1943-இல், அறுபது வயதில், கைக்கு வந்த படம் குறைந்துபோன நிலையில், அதே பூத வேஷத்தை அவர் போட வேண்டி வந்தது. முந்தைய பாகத்தின் முடிவில் பூதத்துக்குக் கண் தெரியாமல் போய்விடும், பேச்சும் வந்துவிடும். அதனால் லுகோசி குருடன் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவித் தடவி நடந்தார், வசனமும் பேசினார். போட்டுப் பார்த்த ஸ்டூடியோவில் அந்த ஹங்கேரிய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள் என்று திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் சொல்லியிருக்கிறார். வசனம் மொத்தத்தையும் வெட்டினார்கள், கூடவே கண் தெரியாத விஷயமும் போய்விட்டது. மிஞ்சியது காரணமே இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு நடக்கிற ஒரு கிழவர். இன்றைக்கு எந்த ஊர்ப் பிள்ளையிடம் ஃப்ராங்கென்ஸ்டைன் மாதிரி நடந்து காட்டு என்றாலும் அந்த நடையைத்தான் நடக்கும், கார்லாஃப் நடையை இல்லை. வசனம் இல்லை என்று விட்ட வேஷத்தில் வசனத்தைப் பறிகொடுத்து, பெயரையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, உலகத்துக்கே அந்த நடையைக் கற்றுக்கொடுத்த மனுஷன். 1956-இல் இறந்தபோது டிராகுலா அங்கியைப் போட்டே புதைத்தார்கள். அவருடைய டிராகுலா முகத்தை விற்கிற உரிமை யாருக்கு என்று குடும்பத்தார் போட்ட வழக்கும் 1979-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனது.

இவர்களுக்கெல்லாம் முன்னால் மௌனப்பட நடிகர் லான் சேனி. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது, வாய் பேசாது. அம்மா மூட்டுவலியில் படுத்த படுக்கையான பிறகு, சின்னப் பையன் சேனி வெளியே போய் ஊர் நடப்பைப் பார்த்து வந்து, கட்டில் பக்கத்தில் நின்று கையாலும் முகத்தாலும் அவருக்கு நடித்துக் காட்டுவாராம். நடிப்புப் பள்ளிக்கூடம் வேறு வேண்டுமா? 1925-இல் வந்த 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' படத்தில் முகமூடி கழலும்போது தெரிகிற அந்த மண்டையோட்டு முகம் அவரே தனக்குப் போட்டுக்கொண்டது. 1930-இல், ஒரே ஒரு பேசும்படம் நடித்து முடித்த கையோடு, நுரையீரல் புற்றுநோயில் 47 வயதில் போய்விட்டார். டிராகுலா வேஷத்துக்கு அவர் பெயரும் அடிபட்டது, இருந்திருந்தால் லுகோசி கதையே வேறு.

கிறிஸ்டோபர் லீ, பீட்டர் குஷிங், வின்சென்ட் பிரைஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், மூவரும் எனக்கும் பிடித்தவர்கள்தான். (குஷிங் பிறந்தது மே 26, பிரைஸும் லீயும் மே 27. ஜாதகம் பார்ப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.) ஆனால் லீ விஷயத்திலும், பேசாமலே அசத்துவதுதான் பெரிது என்ற என் கட்சிதான் ஜெயிக்கிறது. 1966-இல் வந்த டிராகுலா படத்தில் அவருக்கு ஒரு வரி வசனம் இல்லை, வெறும் சீறல்தான். எழுதித் தந்த வசனம் கேவலமாக இருந்தது, அதனால் பேச மறுத்தேன் என்பார் லீ. நான் வசனமே எழுதவில்லையே என்பார் எழுத்தாளர் ஜிம்மி சாங்ஸ்டர். யார் சொல்வது உண்மையோ, ஆறேமுக்கால் அடி என்று சொல்லத் தோன்றுகிற அந்த உயரம் பேசாமல் படியில் நிற்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

கார்லாஃபுக்கும் இதே கருத்துதான். 1935-இல் இரண்டாம் பாகத்தில் பூதம் பேசக் கற்றுக்கொள்கிறது, அது தப்பு என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் அவர் கன்னம் கொஞ்சம் உப்பலாக இருக்கும், கவனித்துப் பாருங்கள், பேச வேண்டியிருந்ததால் பல்செட்டைக் கழற்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். கண் தெரியாத கிழவர் குடிசையில் சேர்த்துச் சோறு போட்டு, ரொட்டி, நண்பன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கிற காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதையும் அம்மாவோடுதான் பார்த்தேன். அதுவரை முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டு "ஐயோ பாவம்" போட்டுக்கொண்டிருந்தவர், பூதம் வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசியதும், "இவனும் பேச ஆரம்பிச்சிட்டானா? இனிமே நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு குக்கரை இறக்கப் போய்விட்டார்.