கடைசித் தெருவுக்கு வராத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் 140 வீடுகள் உள்ள சிற்றூர் எங்களுடையது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியைக் காலையும் மாலையும் நிரப்பித் திறந்துவிடுகிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாயும் போட்டாயிற்று. ஆனாலும் கடைசித் தெருவில் இரண்டு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. இன்னொரு போர்வெல் வேண்டுமென்று கிராமசபையில் கேட்கப்போகிறோம். சரிதானா? தொட்டியை ஒட்டிய வீடுகளில் சில நாள் பிளீச்சிங் வாடை தாங்கவில்லை என்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த வாடையே இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போர் கேட்காதீர்கள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 560 பேர். ஜல் ஜீவன் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆக 30,800 லிட்டர் போதும். உங்கள் தொட்டியிலிருந்து இறங்குவது 60,000. தண்ணீர் இருக்கிறது, வழியில் போய்விடுகிறது. புதுப் போரின் தண்ணீரும் அதே தொட்டியில் ஏறி அதே குழாயில்தான் இறங்கும்.

எங்கே போகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில், கரண்ட் போவதற்குள் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனபின் வால்வைத் திறக்கட்டும். உங்கள் தெருவில் 15 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு, கரண்ட் இருக்கும் இன்னொரு நாளின் கணக்கோடு ஒப்பிடுங்கள். கரண்ட் இல்லாதபோது வேகமாக நிறைந்தால், மேல்தெரு வீடுகளில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுகிறார்கள் என்று பொருள். இது வெறும் பங்குச் சண்டை அல்ல. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பு லேசாக விட்டிருந்தால் கழிவுநீர் உள்ளே வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு அந்த வழியிலும் வரும்.

இரண்டு நாளும் ஒரே மாதிரி மந்தமாக வந்தால் கோளாறு குழாயில். கேட் வால்வைப் பாருங்கள்: பழைய வால்வில் தண்டு சுற்றும், உள்ளே தட்டு ஏறாது. ஆபரேட்டர் முழுசாகத் திறந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்து, உங்கள் தெருக்குழாயின் முனை மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். மண்ணும் துருவும் வந்து தங்குவது அங்கேதான். தரைக்குக் கீழே குழி தோண்டி இறக்கிய குழாய்களும், திருகு இல்லாமல் ஊற்றும் குழாய்களும் எத்தனை என்று எண்ணிவிடுங்கள். பள்ளத்தில் இருக்கும் வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

தீர்வு, தெருப்பிரிவுக்கு ஒரு வால்வு. மற்றவற்றை அடைத்துக் கடைசித் தெருவுக்கு முதலில் அரைமணி நேரம் விடவேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மேலே வரவேண்டும். தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் அழுத்தம் அதிகம். நம் ஊர்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது, தொட்டியடி வீட்டுக்காரர் சத்தம் போட்டால் ஆபரேட்டருக்கு உடனே கேட்கிறது என்பதால்.

பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம். உங்கள் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றவேண்டும், அதுவும் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே. பிறகு அரைமணி நேரம் கழித்துத்தான் திறக்கவேண்டும். திறப்பதற்குச் சற்று முன்பு கொட்டினால் கலக்காமல் முதல் வீடுகளுக்கே போய்விடும். கட்டு அவிழ்ந்து ஈரம் பட்ட மூட்டை என்றால் அளவு சரியாக இருந்தும் வீரியம் இருக்காது. தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று காட்டும் ஆர்த்தோடாலிடின் சொட்டுப் பரிசோதனையை உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் வரவேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும்.

மார்ச் 22 கிராமசபை உலகத் தண்ணீர் தினத்தையொட்டி நடப்பது. தீர்மானத்தில் ‘கூடுதல் குடிநீர் வசதி’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தெந்தத் தெரு முக்கில் எத்தனை கேட் வால்வு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறப்பு என்று எழுதி, பக்கெட் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.