பாதிப் பங்கு கேட்கும் கல்லூரி

அன்புள்ள ஐயா,

கோவை அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நானும் என் மாணவர்கள் இருவரும் சாயக் கழிவுநீரைச் சோதிக்கும் சென்சார் ஒன்றைச் செய்திருக்கிறோம். கம்பெனி தொடங்கலாம் என்றால், பாதிப் பங்கு கல்லூரிக்கு வேண்டும் என்கிறார் தாளாளர். வேலையை விட்டுவிட்டு நானே நடத்தலாமா என்றும் யோசனை. பல்கலைக்கழகத்தில் பிறந்த நிறுவனங்கள் எதனால் ஜெயிக்கின்றன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு டிஎன்ஏ வாசிக்கும் இயந்திரம் செய்த சொலெக்சா என்ற நிறுவனம்தான் நினைவுக்கு வரும். கேம்பிரிட்ஜ் வேதியியல் துறையைச் சேர்ந்த சங்கர் பாலசுப்ரமணியனும் (சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர்) டேவிட் கிளெனர்மனும், டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதி எப்படி வேலை செய்கிறது என்று ஒளிரும் மூலக்கூறுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997 கோடையில் பான்டன் ஆர்ம்ஸ் என்ற பப்பில் பேசும்போது, இதை வைத்து டிஎன்ஏவையே வாசிக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. நம் கல்லூரி கேன்டீன்களில் டீயோடு முடிந்துபோகிற பேச்சு. அங்கே 1998இல் நிறுவனம் ஆனது.

இருவரும் பேராசிரியர்களாகவே இருந்தார்கள். நிறுவனத்தை நடத்த வெளியிலிருந்து ஆள் வந்தார். ஆரம்பகால வேலை துறையின் ஆய்வகத்திலேயே நடந்தது. அபிங்வொர்த் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது.

நான் முக்கியமாக நினைப்பது அடுத்து நடந்ததை. அவர்களுடைய மூல யோசனை, ஒற்றை மூலக்கூறின் ஒளியைப் பிடிப்பது. அந்த ஒளி ரொம்ப மங்கல். 2004இல் மான்டெயா என்ற சுவிஸ் நிறுவனத்திடமிருந்து வேறொரு உத்தியை வாங்கினார்கள். ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் இருந்த இடத்திலேயே பல பிரதிகளாகப் பெருக்கிக் கொத்தாக்கும் உத்தி அது. ஒரு அகல்விளக்கு தூரத்திலிருந்து தெரியாது, ஒரே இடத்தில் நூறு ஏற்றினால் தெரியும் அல்லவா? 'ஒற்றை மூலக்கூறு' என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் அதையே விட்டுக்கொடுத்தார்கள். நம் பேராசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்? என் யோசனை, என் காப்புரிமை என்று பிடித்துக்கொண்டே கம்பெனியை மூடியிருப்போம்.

2005இல் லிங்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்தார்கள். அதே ஆண்டு ஃபை எக்ஸ் 174 வைரஸின் 5,386 டிஎன்ஏ எழுத்துகளை வாசித்துக் காட்டினார்கள். 1977இல் அதே கேம்பிரிட்ஜில் டிஎன்ஏ வாசிப்பின் முன்னோடியான சாங்கர் வாசித்த வைரஸ்தான். 2006இல் முதல் இயந்திரம் சந்தைக்கு வந்தது, 2007இல் இல்லுமினா என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 60 கோடி டாலருக்கு சொலெக்சாவை வாங்கியது. பப்பிலிருந்து சந்தைக்கு ஒன்பது வருடம். அவ்வளவு காலம் பொறுக்கிற பணம் இருந்தது.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். கூகுளின் தேடல் காப்புரிமைக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தவை சுமார் 18 லட்சம் பங்குகள். கம்பெனியில் அது சின்னத் துண்டு, ஆனால் விற்றபோது 33.6 கோடி டாலர் வந்தது. பிரிட்டனில் 2023இல் அரசுக்காக நடந்த ஆய்வறிக்கை, மென்பொருள் நிறுவனங்களில் பல்கலைக்கழகப் பங்கு 10 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் போதும் என்றது. தாளாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாதியை அவர் எடுத்துக்கொண்டால், முதலீட்டாளருக்கும் நாளை வரப்போகும் நிர்வாகிக்கும் கொடுக்க என்ன மிஞ்சும்?

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். முதலில் சென்சாரைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போங்கள். சாயப்பட்டறை முதலாளிக்குத் தன் கழிவைத் தானே அளக்க ஆசை இருக்காது. பொது சுத்திகரிப்பு நிலையக்காரர்களுக்கு இருக்கலாம், ஏனென்றால் மோசமான தண்ணீர் வந்தால் கெடுவது அவர்களுடைய ஆர்ஓ சவ்வு. அங்கே வேலை செய்பவர் உங்கள் சென்சாரில் சாயப் படிவு ஏறுகிறது, தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது என்று குறை சொன்னால், காப்புரிமையைக் காட்டி வாதாடாமல் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. மாணவர்கள் இருவருக்கும் எவ்வளவு பங்கு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தாளாளரை அடுத்த முறை பார்ப்பதற்கு முன் அதை அவர்களோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.