சங்கத்துக்குப் பதிவு இல்லை. மாடு விற்ற காசு போய்விடுமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் இறைச்சி மாடு வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். இன்னும் பதியவில்லை. போன ஆவணியில் ஒன்பது பட்டிக்காரரின் நாம்பன் மாடுகளைத் தலைவர் விலை பேசி ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார். பாதிக் காசுக்கு வியாபாரி தலைவர் பெயரில் காசோலை எழுதினார். பணமில்லை என்று வங்கி திருப்பிவிட்டது. மீதியை மாசிக்குள் தருவதாக வாய்ச்சொல். இப்போது கேட்டால், "பதிவில்லாத சங்கம் வழக்குப் போட ஏலாது, மாடு வெட்டவும் தடை வருது" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சங்கத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது என்பது சரி. ஆனால் கடன் சங்கத்துக்கு உரியதே அல்ல. மாடு யாருடையதோ, காசும் அவருடையது. தலைவர் அவர்களுக்காகப் பேசியவர், அவ்வளவுதான். ஒன்பது பேரும் சேர்ந்து வழக்காளிகளாகலாம். ஆட்கள் அதிகமானால், நீதிமன்ற அனுமதியோடு ஓரிருவர் எல்லாருக்காகவும் வழக்காட குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது.

தடைப் பேச்சைக் காதில் போடாதீர்கள். 2020 செப்டெம்பரில் அமைச்சரவை அந்த யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது உண்மை. அமைச்சரவை முடிவு தனியே சட்டமாகாது. வாங்கிய மாட்டுக்குக் காசு கொடுக்காமலிருக்க அது காரணமும் அல்ல.

என்னைக் கவலைப்பட வைப்பது வழக்குப் போடுவதற்கான காலம். காசோலைக்கு ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் எழுத்தில்லாமல் விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு, 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது ஒரே ஒரு வருடம். மாசியிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆவணியிலிருந்தே எண்ணுவேன். கடனை ஒப்புக்கொண்டு வியாபாரி கையெழுத்திட்ட ஒரு துண்டு கிடைத்தாலும் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். இறைச்சிக்கு விற்றதை வெளியில் காட்டக் கூச்சப்பட்டு நம் ஆட்கள் கடுதாசி எழுதாமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் வேண்டாம், அது உழைத்த காசு.

காசோலையைப் பொறுத்தவரை தலைவரே தன் பெயரில் சுருக்க நடைமுறையில் வழக்கிடலாம். மூலக் காசோலையும் வங்கி தந்த சீட்டும் இருந்தால், எதிர்த்து வாதாடவே வியாபாரி முதலில் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றமும்கூட, பொலிஸில் முறையிடலாம். வரும் காசு ஒன்பது பேருக்கும் உரியது என்று தலைவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். இதைக் கேட்பது அவமரியாதை இல்லை, அவருக்கும் பாதுகாப்பு.

தொகை, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபையின் வரம்புக்குள் வந்தால் முதலில் அங்கே போய், தீராத பட்சத்தில் சான்றிதழ் பெற்றபின்தான் முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றம் போகலாம். அதற்கும் நாள் பிடிக்கும். மாடு ஏற்றிய அனுமதிப் பத்திரப் பிரதி, காது அடையாள எண்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்.

அப்புறம் சங்கத்தை 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதியுங்கள். பழைய கடன் அதனால் சங்கத்துக்கு வந்துவிடாது. அடுத்த விற்பனையிலிருந்து சங்கமே தன் பெயரில் ஒப்பந்தம் எழுதலாம், வழக்கும் போடலாம்.