நெல்லையில் ஏழு பேர் குடும்பத்துக்கு எந்தக் கார், டிரைபரா, எர்டிகாவா, இன்னோவாவா?

மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். டிரைபரில் ஏழு பேரும் ஏறிவிட்டால் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர் இடம்தான், குற்றாலத்துக்குப் போகும்போது மாற்றுத்துணிப் பையும் சாப்பாட்டுத் தூக்கும் வைத்தாலே நிறைந்துவிடும். எஞ்சினும் 1 லிட்டர், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டால் காரையாறு மலைப்பாதையில் முக்கும். எர்டிகாவில் 209 லிட்டர். என் ஓட்டு அதற்குத்தான், ஆனால் பெட்ரோல் மட்டும், சிஎன்ஜி எரிவாயு வண்டி வாங்கினால் சிலிண்டர் அந்த இடத்தையும் தின்றுவிடும்.

இன்னோவா கிரிஸ்டா சொகுசுதான், மறுக்கவில்லை. விலையும் அப்படி, நீளமோ 4.7 மீட்டர், டவுன் ரதவீதிச் சந்துகளில் திருப்பப் பொறுமை வேண்டும்.

அப்புறம், ஷோரூமுக்கு ஆச்சியையும் கூட்டிப்போங்கள். நடுசீட்டை மடக்கி, கடைசி வரிசையில் ஏறி, முன்சீட்டில் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று அவர்களே சொல்லட்டும்.