வெள்ளெனப் போனால் வெள்ளவத்தை

கேள்வி: என் மகள் படிப்புக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வகுப்பு முடிய இரவாகிவிடுகிறது. "வெள்ளென அறைக்குப் போய்விடு" என்று தினமும் போனில் சொல்கிறேன். ஊரில் என்றால் பயமில்லை, அது பெரிய நகரமாயிற்றே. வேறு என்ன புத்தி சொல்லலாம்?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அம்மா, நேரத்தோடு என்பதற்கு நம்மூர்ப் பேச்சில் "வெள்ளென" என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் ஒரு கும்பிடு. இந்தச் சொல்லைத் தலையங்கத்தில் போட்டதற்காக உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு மூன்று கடிதம் எழுதினார். அது கொச்சையாம், "விரைவாக" என்று போட வேண்டுமாம். ஐயா, எங்கள் பஸ்காரர் விரைவாகத்தான் ஓட்டுகிறார், ஆனால் வெள்ளெனப் புறப்படுவதில்லை, இரண்டும் ஒன்றா என்று பதில் போட்டேன். நாலாவது கடிதம் வரவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று அவளா தீர்மானித்தாள்? எட்டரைக்கு விடுகிற வகுப்பிலிருந்து ஏழு மணிக்கு எப்படி அறைக்குப் போவது? அதைவிட வேடிக்கை, இரவில் வெளியே திரியாதே என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை இரவு பத்து மணி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற 49ஆம் இலக்க பஸ் அது. ஹபரணையில் முதல் தூக்கம், குருநாகலில் இரண்டாம் தூக்கம், கண்ணைத் திறந்தால் கொழும்புப் புறக்கோட்டை. நேரம் விடியப்புறம் மூன்றரை. ஆயிரம் புத்தி சொன்ன நாங்கள் இங்கே போர்த்திக்கொண்டு கிடக்கிறோம்.

நானும் அப்படி இறங்கியவன்தான். என் அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொதி மடியில். உள்ளே பேப்பர், அதற்கு வெளியே உரப்பை, அதற்கும் மேலே சணல் கயிறு. அப்படியிருந்தும் தம்புள்ளை தாண்டும்போதே பக்கத்துச் சீற்றுக்காரர் எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டார். புறக்கோட்டையில் இறங்கி விடியும்வரை அந்தப் பொதியின் மேலேயே குந்தியிருந்தேன். எவனோ ஒருவன் இரண்டு தரம் என்னைச் சுற்றி வந்தான். மூன்றாம் தரம் காற்று அவன் பக்கம் அடித்தது. ஆளைக் காணவில்லை. சோதனைச் சாவடியில் பையை அவிழ்க்கச் சொன்ன பொலிஸ்காரர்கூடப் பாதியில் "போ, போ" என்றார். அந்தக் காலத்தில் தேசிய அடையாள அட்டை செய்யாததைக் கட்டாப் பாரைக் கருவாடு செய்தது.

ஊரில் என்றால் பயமில்லை என்கிறீர்கள். எங்கள் ஊரில் சாமத்தில் பயமில்லாமல் திரிவது மான் மட்டும்தான். அதுவும் குப்பையில் கிடக்கிற பொலித்தீனைத் தின்று சாகிறது. மனுசப் பிள்ளைகளின் கதை வேறு. 2006 ஜனவரி 2ஆம் திகதி, காந்தி சிலையடியில் கடற்காற்று வாங்கப் போன மாணவர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அது சாமமும் இல்லை, பெரிய நகரமும் இல்லை. நீங்களும் நானும் கடலை வாங்கித் தின்கிற இடம். 2019இல் சந்தேக நபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளிடமும் வீட்டில் யாரோ "வெள்ளென வந்துவிடு" என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

ஆகவே மணிக்கூட்டை விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு வருகிறாள் என்பதைவிட, வந்து சேராவிட்டால் யாருக்கு எத்தனை நிமிடத்தில் தெரியவரும் என்பதுதான் கேள்வி. நீங்கள் உப்புவெளியில் இருந்துகொண்டு பதறி என்ன பயன்? அவளுடைய வீட்டுக்கார அக்காவின் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? பக்கத்து அறைப் பிள்ளையின் நம்பர்? ஓட்டோ பிடிப்பதானால் போனில் பிக்மீ செயலியில் பிடித்து, பயண விவரத்தை அந்தப் பிள்ளைக்கு அனுப்பட்டும். மெரைன் டிரைவ் பக்கம் குறுக்கு வழி என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடக்க மட்டும் பகலிலும் விடாதீர்கள். திருடனாவது பின்னால் வந்தால் காலடி கேட்கும், காதை அடைத்தவளுக்கு ரயிலே கேட்காது.

119 பொலிஸ், 1990 இலவச அம்புலன்ஸ், 1938 பெண்களுக்கான உதவி எண். இவற்றைப் போனில் மட்டுமல்ல, மனதிலும் போடச் சொல்லுங்கள், போன் பற்றரி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் செத்துப்போகும். இன்னொன்று, நான் பத்து வருடமாகக் கத்துகிற விஷயம்: நான் எங்கே நிற்கிறேன், எந்த ஒழுங்கை, எந்தக் கடைக்கு முன்னால் என்று சிங்களத்தில் சொல்லத் தெரிய வேண்டும். ரியூசனுக்கு ரியூசன் காசு கட்டி இங்கிலீசில் கட்டுரை எழுதப் பழக்குகிறோம், ஆபத்துக்கு நாலு சிங்கள வசனம் பழக்குவதில்லை. இதை எழுதினால் இரண்டு பக்கத்தாரும் திட்டிக் கடிதம் போடுவார்கள். போடட்டும், தபாற்காரருக்கும் வேலை வேண்டும்.

அடுத்த தரம் பஸ் ஏற்றும்போது கொண்டக்டரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். விடியும்வரை வெளிச்சமும் ஆள்கூட்டமும் உள்ள இடத்தில் இருந்துவிட்டு, காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகு போகட்டும். அங்கேதான் "வெள்ளென" வேண்டாம். கருவாடு கொடுத்து விடுவதாக இருந்தால், அதிகம் இறுக்கிக் கட்டாதீர்கள்.